பிரதிவாதி அறியாத வழக்கு

ஊரெல்லைக்குள் வாழ்ந்த மனிதனின் நடத்தைக்கு ஊரே சாட்சியாக இருந்தது. முன்பின் அறியாதோர் துணைதேடும் செயலிகள் வாயிலாகச் சந்திக்கும் பெருநகரங்களிலோ அத்தகைய சாட்சி இல்லை. இவ்வெற்றிடத்திலேயே 2022 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரை மையமாகக் கொண்டு, 'நாம் ஒரே ஆணுடனா பழகுகிறோம்?' என்னும் பொருள்படும் பெயருடன் பெண்களுக்கான பேஸ்புக் குழுவொன்று தோன்றியது. விரைவில் அது ஐக்கிய அமெரிக்கா, கனடா, பிரித்தானியா ஆகிய நாடுகளின் பல நகரங்களிலும் கிளைவிட்டது. தான் சந்திக்கவிருக்கும் ஆணின் படத்தை ஒருத்தி அங்கு இடுவாள். அவனை அறிந்தோர் தாம் கண்டதைக் கூறுவர். பெயரை மறைத்து எழுதவும் வழியுண்டு. படத்திலிருப்பவனுக்கு மட்டும் அங்கே இடமில்லை. அங்கு எழுதப்பட்டதை வெளியே கொண்டுசெல்வதும் குழுவிதிகளுக்கு முரணாகும்.

இக்குழுக்களை வெறும் வம்பளப்பு என ஒதுக்குவோர் உளர். அவர்தம் கூற்று ஏற்புடையதன்று. மணமானதை மறைத்துப் பழகுபவன், பணம் கறப்பவன், கைநீட்டுபவன் ஆகியோரைப் பற்றிய எச்சரிக்கை பெண்ணொருத்தியின் உயிரையே காக்கக்கூடும். காவற்றுறையும் நீதிமன்றமும் தீங்கு நிகழ்ந்த பின்னரே பெரும்பாலும் அசைகின்றன. எனவே எச்சரிக்கும் உரிமையை மறுப்பவர், அறிந்தோ அறியாமலோ, தீங்கு செய்பவனின் பக்கமே நிற்கின்றனர்.

ஆயின், எச்சரிக்கை வேறு, தீர்ப்பு வேறு. வன்முறையாளன் பற்றிய செய்தியும், உணவகத்தில் கணக்கைப் பங்கிடச் சொன்னவன் பற்றிய எள்ளலும் ஒரே பக்கத்தில், ஒரே எடையுடன் இடம்பெறுகையில் முன்னையது தன் வலுவை இழக்கின்றது. பொய்க் குற்றச்சாட்டுக்கு உள்ளானவன் அதனை மறுக்கவியலான். ஏனெனில் அப்படியொன்று இருப்பதையே அவன் அறியான். நண்பர் ஒருவர் காட்டும் படப்பிரதி வாயிலாகவே பெரும்பாலும் அறிகிறான்.

அறிந்தபின் அவன் செய்வது யாது? சிலர் பெண் பெயரில் பொய்க்கணக்குத் தொடங்கி உள்நுழைகின்றனர். சிலர் எழுதியவள் யாரெனத் துப்பறிந்து அவளுக்கே செய்தி அனுப்புகின்றனர். இரண்டும் அவன்மீதான ஐயத்தை மெய்ப்பிக்கவே உதவும். வேறு சிலர் நீதிமன்றத்தை நாடுகின்றனர். 2024 ஜனவரியில் சிக்காகோவில் ஒருவர், தம்மைப் பற்றி எழுதியவர், குழுவின் நிருவாகத்தினர், பேஸ்புக்கின் உரிமையாளரான மெற்றா நிறுவனம் முதலியோருக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். 2025 மே மாதத்தில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. ஒருவரது பழகுமுறை பற்றிய அபிப்பிராயம் அவதூறாகாது என்பது அந்நாட்டுச் சட்டத்தின் நிலைபெற்ற கொள்கை. மூடிய குழுவினுள் கிடந்த சில வரிகள், அவ்வழக்கினாலேயே செய்தித்தாள்களை எட்டின என்பது மனங்கொள்ளத்தக்கது.

பெண்களும் ஆண்களும் இங்ஙனம் மோதிக்கொள்ள, இடத்தை நடத்துவோர் மட்டும் பொறுப்பிலிருந்து விலகி நிற்கின்றனர். பிறர் எழுதியதற்கு இணைய நிறுவனத்தை வெளியீட்டாளராகக் கொள்ளலாகாது என்பது 1996 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்றின் 230 ஆம் பிரிவு. இரகசியமே பெண்களின் கவசம் என்னும் வாதத்தையும் நிகழ்ச்சிகள் தகர்த்துவிட்டன. இதே நோக்கத்துடன் தொடங்கப்பட்ட 'ரீ' என்னும் செயலி, தம்மைப் பெண்ணென நிறுவுவதற்கு உறுப்பினரிடம் முகப்படம் கேட்டது. 2025 ஜூலையில் அதன் களஞ்சியத்திலிருந்து ஏறத்தாழ 72,000 படங்கள் கசிந்தன. அவற்றுள் 13,000 வரையிலானவை முகப்படங்களும் அடையாள அட்டைப் படங்களுமாகும். தொடர்ந்து 11 இலட்சத்துக்கு மேற்பட்ட அந்தரங்கச் செய்திகளும் வெளிப்பட்டன. அவ்வாண்டு ஒக்ரோபரில் அப்பிள் நிறுவனம் அச்செயலியைத் தன் அங்காடியிலிருந்து அகற்றியது. எச்சரிக்க வந்தவர்களே காட்சிப்பொருளாயினர். ஆணின் நற்பெயரையும் பெண்ணின் பாதுகாப்பையும் அந்த இரகசியம் காக்கவில்லை.

ஆகவே வேண்டப்படுவது இரகசியமன்று. மறுமொழி கூறும் உரிமையே. பிரான்சில் 1881 ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம், பத்திரிகையில் பெயர் சுட்டப்பட்டவருக்கு மறுமொழி உரிமையை வழங்கியது. 2004 ஆம் ஆண்டின் சட்டம் அதனை இணையத்துக்கும் விரித்தது. அமெரிக்காவிலோ, செய்தித்தாள்கள்மீது அவ்வுரிமையை விதித்த புளோரிடா மாநிலச் சட்டத்தை 1974 இல் உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. சட்டம் கட்டாயப்படுத்தாவிடினும், குழுக்கள் தாமே இதனை ஏற்பதற்குத் தடையேதுமில்லை. நேரிற் கண்டதை மட்டும் எழுதுதல், தோற்றத்தையும் வருவாயையும் பழிக்காதிருத்தல், எழுதியவளின் பெயரை வெளியிடாமலே குற்றச்சாட்டின் சாரத்தை உரியவனுக்கு அறிவித்து அவன் மறுமொழியை அருகில் இடுதல் ஆகியவை அரிய காரியங்களல்ல. அறிவித்தலே ஆபத்தாகும் வன்முறை வழக்குகளில் மட்டும் விலக்கு அளிக்கப்படலாம்.

குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கும் கடமைகள் உள. எழுதப்பட்டதன் பிரதியைப் பேணி, அது அபிப்பிராயமா, மெய்ச்செய்தி எனக் கூறப்பட்டதா எனப் பிரித்தறிதல் முதற் கடமை. அபிப்பிராயமாயின் பொறுத்தல் வேண்டும். பொய்ச்செய்தியாயின், சான்றுடன் நிருவாகத்தினருக்கு எழுதி நீக்கக் கோரல் வேண்டும். எழுதியவளைத் தேடிச் செல்லலாகாது. அச்சுறுத்தலோ கொடிய பொய்யோ ஆயின் மட்டுமே சட்டத்தை நாடல் தகும். எழுதப்பட்டது உண்மையாயின், திருத்தப்பட வேண்டியது குழுவன்று; அவனே.

கேளாது தீர்ப்பளிக்கும் மன்று பெண்களுடையதாயினும் நீதிமன்றாகாது. எச்சரிப்பவளின் வாயை அடைத்துப் பெறப்படும் நற்பெயரும் நற்பெயராகாது.