தகட்டுக்குப் பெயர் சூட்டும் துணிவு!

உறுதி காட்டாமல் காணிக்கு உரிமை கொண்டாடுபவனை எந்த நீதிமன்றமாவது ஏற்குமா? எல்லைக்கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "இந்த வரம்பு என் பாட்டன் போட்டது" என்று வாதாடுபவனை அயலார்தாம் சும்மா விடுவார்களா? ஆனால், யுத்தகாலத்து ஆகாய விமானங்களின் சிதைவுகளைத் தேடி அலைவோருட் சிலர் இதனையே செய்கின்றனர். இன்னதென்று தெரியாத உலோகத் துண்டொன்று கையில் அகப்பட்டதும், உலகமறிந்த பெயரொன்றை அதற்குச் சூட்டிவிடுகின்றனர். சான்று பின்னர் வருமாம்! இந்த முறைகேட்டை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம்.

நடந்த கதையொன்றைக் கேளுங்கள். அமெரிக்க விமானி அமீலியா இயர்ஹார்ட், 1937 யூலை 2ஆம் நாள் பசிபிக் சமுத்திரத்தில் வழிகாட்டுநருடன் மறைந்துபோனார். 1991இல் அமெரிக்க ஆராய்ச்சிக் குழுவொன்று நிக்குமரோரோ என்னும் தீவில், இரண்டடி நீளங்கூட இல்லாத அலுமினியத் தகடொன்றைக் கண்டெடுத்தது. அடுத்த ஆண்டே, அது இயர்ஹார்ட்டின் லொக்ஹீட் எலெக்ட்ரா விமானத்தின் பகுதி என்று முழங்கினர். தறையாணித் துளைகளின் வரிசை பொருந்தவில்லையே என்று அவ்விமானத்தின் கட்டமைப்பை அறிந்தோர் கேட்டனர். வாதம் மடங்கவில்லை, உருமாறியது. விமானம் மயாமியில் நின்றபோது சன்னலொன்றை அடைத்துப் பொருத்திய ஒட்டுத்தகடே இது என்று 2014இல் கூறினர். ஒட்டுத்தகட்டுக்கு வரைபடம் கிடையாது. ஆகவே, பொருந்தவில்லை என்று மறுக்கவும் வழி கிடையாது. என்ன வசதியான வாதம்!

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இப்படியே கழிந்தன. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அணு உலையில் நியூத்திரன் கதிர் பாய்ச்சியும் அத்தகட்டைப் பார்த்தனர். ஈற்றில் விடை தந்தவை பழைய ஆணித்துளைகளே. அவை யுத்தகாலத்து டக்ளஸ் சி-47 விமானத்தின் இறக்கைத் தகட்டோடு பொருந்தின. 1943 டிசம்பரில் அயலிலுள்ள சிட்னித் தீவில் சி-47 ஒன்று விழுந்து நொறுங்கியிருந்தது. நிக்குமரோரோவில் 1963 வரை குடியிருந்த மக்களோ விமானத் தகடுகளை வெட்டிச் சீப்பு முதலியன செய்துகொண்டவர்கள். அவர்கள் கைவழியே அத்தகடு வந்திருத்தல் கூடும். தம் கூற்றுத் தவறென்று அக்குழுவே பின்னர் ஏற்றுக்கொண்டது. அந்த நேர்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கேட்கின்றோம்: இத்தனை ஆண்டுகளாகப் புகழ்பெற்ற ஒருவரின் பெயர் அத்தகட்டின் மேல் ஒட்டியிருந்ததே, சி-47இற் பறந்த சிப்பாய்களை நினைத்தவர் யார்?

இதில் எமக்கென்ன என்று எண்ணுவோருக்கும் ஒரு வார்த்தை. 1942 ஏப்ரில் 5இல் கொழும்பையும், 9இல் திருக்கோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கின. எதிர்த்துப் பறந்த போர்விமானங்கள் ஹரிக்கேனும் ஃபுல்மாரும். இரண்டுக்கும் மெர்லின் எஞ்சினே, ஸ்பிட்ஃபயருக்கும் அதுவே. நாளை எமது கிழக்குக் கரையில் மெர்லின் பிஸ்டன் ஒன்று வலையிற் சிக்கினால், அதனை ஸ்பிட்ஃபயர் என்று விற்கத் துடிப்போர் வரக்கூடும். அந்த இரு நாள்களிலும் இலங்கை வானில் ஸ்பிட்ஃபயர் பறக்கவேயில்லை! சரி, ஹரிக்கேன் என்று சொல்லிவிடலாமா? அதுவும் ஆகாது. ஹரிக்கேனிற் சென்றவர் ஒருவர். ஃபுல்மாரிற் சென்றவர் இருவர். பெயர் மாறினால் மாண்டோர் கணக்கில் ஒரு மனிதன் இல்லாமற் போய்விடுகின்றான்.

அடையாளங் காண வழியில்லாமலில்லை. முதற் ஸ்பிட்ஃபயர்களின் உறுப்புகளில் 300 என்று தொடங்கும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஜேர்மானிய மெசர்ஸ்மிற் 109இன் உறுப்புகளில் 8-109 என்றிருக்கும். யப்பானிய விமானங்கள் பலவற்றின் தகட்டு உட்புறத்தில் நீலப்பச்சைப் பூச்சு மின்னும். ஆனால், இவை இனத்தைச் சொல்லுமேயன்றி ஆளைச் சொல்லா. எந்த விமானம், எவர் ஓட்டியது என்பதை அறிய எஞ்சின் இலக்கம் வேண்டும். அதனினும் மேலாக, எவ்விடத்தில், எவ்வளவு ஆழத்தில், எதனருகே கிடந்தது என்னும் குறிப்பு வேண்டும். பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறிய துண்டுக்கு அந்தக் குறிப்பு ஏது?

பிரித்தானியா 1986இல் இயற்றிய சட்டத்தின்படி, அந்நாட்டில் வீழ்ந்த இராணுவ விமானத்தின் சிதைவை அனுமதிப்பத்திரமின்றித் தோண்டுதல் குற்றம். கமக்காரன் வயலில் கொழு தட்டி ஏதேனும் வெளிப்பட்டால் அவன் அதனைத் தொடாமல் இடத்தை அறிவிக்கட்டும். வெடிக்காத தோட்டாக்கள் உடனிருக்கவுங் கூடும். கண்டெடுத்தோர் படத்தையும் அளவையும் இடத்தையும் முதலில் வெளியிடட்டும், மறுப்போர் மறுக்கட்டும். அதுவரையில், காட்சிச்சாலைப் பெட்டியில் அத்துண்டின் கீழே "இன்னதென்று தெரியவில்லை" என்றே எழுதி வைக்கவேண்டும்.