ரத்தம் கொடுப்பவர் யார், முடிவெடுப்பவர் யார்?

தளிக்குப் பக்கத்து நகரம் பெங்களூரு. 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தை ஒருங்கிணைத்தது அங்குள்ள மூளை ஆராய்ச்சி மையம்தான். 83 மக்கள் குழுக்களின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

இந்த நாட்டில் 'மக்கள் குழு' என்பது பெரும்பாலும் சாதியையும் பழங்குடியையுமே குறிக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் அகமணம் நம் மரபணுவிலும் தடம் பதித்திருக்கிறது. அதைப் படித்தால் பரம்பரை நோய்களை முன்கூட்டியே அறியலாம். அதே தரவை வைத்து 'ரத்தத் தூய்மை' பேசவும் ஆள் வரும். எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் நம்மவர் எத்தனை பேர்?

வெறும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் ஆதிவாசி மாணவிகளிடம் எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வு நடந்தது. பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாகக் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள்!

ஆப்பிரிக்கா வேறு வழி காட்டியது. 2012 முதல் பத்தாண்டுகள் நடந்த எச்3ஆப்பிரிக்கா திட்டம், மாதிரிகளைச் சேகரித்ததோடு நிற்காமல், அக்கண்டத்து இளம் விஞ்ஞானிகளுக்கு ஆய்விலும் அறநெறியிலும் பயிற்சி கொடுத்தது. தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடியினர் 2017இல் ஆய்வாளர்களுக்கான நெறிமுறையைத் தாங்களே எழுதி வெளியிட்டனர்.

தளி, அஞ்செட்டிக் காட்டோர இருளர் பிள்ளைகளும் சேரிப் பிள்ளைகளும் மரபணுவியலும் அதன் சட்டமும் அறமும் படிக்க, உதவித்தொகையோடு இடம் வேண்டும். அறநெறிக் குழுக்களில் வாக்குரிமையோடு இருக்கை வேண்டும். நாம் கேட்பது சலுகை அல்ல, பிரதிநிதித்துவம்.