அரங்கேற்றம் தேர்வாய் கண்டிகையிலும் நடக்கட்டும்!

தமிழில் நூல் என்பது கடைக்கு வருமுன் அவைக்கு வந்தது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில் அரங்கேறியதென்றும், அதங்கோட்டாசான் அதனை ஐயந்தீரக் கேட்டாரென்றும் அந்நூலின் சிறப்புப் பாயிரத்தில் பனம்பாரனார் கூறுகின்றார். எழுதியவன் படித்துக் காட்டவேண்டும். கேட்டவர் மடக்கி வினவவேண்டும். அவ்வினாவுக்கு ஈடுகொடுத்து நின்றதே நூலெனப்பட்டது. இன்று நூல் திருவிழா மேடைகளில் 'எழுத்தாளருடன் ஒரு மாலை' என்று, ஏதோ மேலைநாட்டிலிருந்து கப்பலேறி வந்த புதுமைபோல் நடத்தப்பெறுவது இத் தொன்மை வழக்கத்தின் மெலிந்த நிழலே.

நிழலாயினும் அது வேண்டற்பாலதே! சென்னையில் 1977-ஆம் ஆண்டு அண்ணா சாலைப் பள்ளியொன்றின் வளாகத்தில் சிறிதாகத் தொடங்கிய நூற்காட்சி இன்று ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டிப் பெருந்திரள் கூடும் விழாவாக வளர்ந்துள்ளது. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவையினர் 2005 முதல் நடத்திவரும் திருவிழாவில், மாலைச் சொற்பொழிவைக் கேட்கவென்றே ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு வந்து அமர்கின்றனர்; பள்ளிப் பிள்ளைகள் உண்டியலில் சேர்த்த காசைக் கொணர்ந்து நூல் வாங்குகின்றனர். அரசும் விழித்துக்கொண்டு, எல்லா மாவட்டங்களிலும் நூற்காட்சி நடத்தப்பெறும் என்று 2022-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. அவ்வாண்டே திருவள்ளூரிலும் திருவிழா நடந்தேறியது. நல்லதை நல்லதென்று சொல்லாத வாய் தமிழ்வாய் ஆகாது. எனவே இம்முயற்சி பாராட்டத் தக்கதே என்பதை முதற்கண் கூறிவிடல் நேர்மை.

பெயர்ப்பலகையில் 'புத்தகம்' என்றிருப்பதைப் 'பொத்தகம்' என்று எழுதினால் வானம் இடிந்து விழுந்துவிடாது என்பதையும் உடனேயே சொல்லிவைக்கலாம். பொத்துதல், அஃதாவது தைத்துப் பொருத்துதல், என்னும் வினையடியாகப் பிறந்த சொல் அது என்று பாவாணர் வழிநிற்போர் எத்துணை முறை எடுத்துரைத்தும் விழாக் குழுவினர் காதில் ஏறவில்லை. அது நிற்க. இன்னொன்றும் உளது. அரசின் இலக்கியத் திருவிழாக்களுக்குப் பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என்று ஆறுகளின் பெயர் சூட்டினர், மிக அழகு! வடக்கே வந்ததும் மட்டும் ஆறு வற்றிப்போய்ச் 'சென்னை' என்னும் நகரப் பெயர் வந்து நின்றது. பாலாறும் கொற்றலையாறும் ஆரணியாறும் எங்கே போயின? தொண்டை நாட்டுக்கு ஆறே இல்லையென்று எண்ணிவிட்டனர் போலும்.

இவையெல்லாம் சிறு குறைகள். பெருங்குறை வேறு. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகைக்கும் திருவள்ளூர்தான் மாவட்டத் தலைநகர். ஆயினும் கும்மிடிப்பூண்டி இருப்பது கூடூர் செல்லும் இருப்புப்பாதையில். திருவள்ளூர் இருப்பது அரக்கோணம் செல்லும் பாதையில். தொடர்வண்டியில் செல்வதாயின், கும்மிடிப்பூண்டியான் தன் மாவட்டத் தலைநகரை அடைவதற்குச் சென்னைவரை இறங்கிவந்து மீண்டும் மேற்கே ஏறவேண்டும். பேருந்திலும் அரைநாள் கழியும். இந்நிலையில் தலைநகரின் திடலில் பத்து நாள் பந்தல் போட்டுவிட்டு, 'மாவட்டம் முழுமைக்கும் நூல் வந்துவிட்டது' என்று கணக்கெழுதுவது யாரை ஏமாற்ற?

தேர்வாய் கண்டிகை கொடுத்தது கொஞ்சமன்று. ஏறத்தாழ 1,127 ஏக்கர் நிலம் தொழிற்பேட்டைக்காக எடுக்கப்பெற்றது. ஒடுக்கப்பட்ட மக்கள் பெரும்பான்மையராக வாழும் அவ்வூரார்க்கு அது வெற்று நிலமன்று. ஆடுமாடு மேய்ந்த மேய்ச்சற் புறம். விறகும் மூலிகையும் தந்த காடு. ஏரிகளுக்கு நீர்கூட்டிய மேட்டு நிலம். அவர்கள் மறியல் செய்தனர், வழக்காடினர். பிரெஞ்சு நாட்டு மிச்செலின் நிறுவனம், டயர் என்று மக்கள் வழங்கும் உருளிப்பட்டைகளைச் செய்யும் ஆலையை அங்கே எழுப்பியது. அதனை எதிர்த்த முறையீடு 2012-இல் பிரெஞ்சு நாடு வரைக்கும் சென்றது. பின்னர், 2020 நவம்பர் 21-இல், கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து அமைத்த நீர்த்தேக்கம் திறக்கப்பெற்றது. 50 கோடிக் கன அடி கொள்ளும் அத்தேக்கம் சென்னையின் குடிநீருக்காகவே கட்டப்பெற்றது. சென்னை நூற்காட்சியில் கடைகடையாய் ஏறியிறங்கிக் களைத்தோர் அருந்தும் நீரில் அவ்வூர் ஏரியின் பங்கும் உண்டு என்பதை எத்தனைபேர் அறிவர்?

நிலம் போயிற்று, நீர் போயிற்று. திரும்பி வந்தது என்ன? ஆலை வாயிலுக்குள் ஆங்கிலம் ஆள்கின்றது. பொறியின்மேல் ஒட்டிய எச்சரிக்கையும், வேலைக்கமர்த்தும் ஒப்பந்தமும் உழைப்பவனுக்கு விளங்காத மொழியில் இருந்தால், அவன் கையெழுத்து எதற்கு ஒப்பம் என்று அவனே அறியான். தன் தாய்மொழியில் தொழிற்சட்டம் பற்றியும், நிலவுரிமை பற்றியும், தன்னூர் மண்ணைப் பற்றியும் ஒரு நூல் கிடைத்தால் அவன் நிமிர்ந்து வினவுவான். ஆகலின் நூல் அங்குப் பொழுதுபோக்கன்று, கைக்கருவி! திருத்தணி 1960-இல் தமிழகத்தோடு சேர்வதற்கு எத்துணைப் போராட்டம் நடந்ததென்பதை எல்லைப்புற மக்களுக்குச் சொல்வாரும் இல்லை. அவ்வரலாற்றை எழுதிய நூலோ சென்னைக் கடைத்தட்டில் தூசு படிந்து கிடக்கின்றது.

'அவ்வூர்களில் யார் படிப்பார்?' என்று நகரத்துப் பதிப்பாளர் சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வி அறியாமையிற் பிறந்தது. தொண்டை நாட்டுச் சிற்றூர்களில் பாரதம் படித்தலும் தெருக்கூத்தும் இரவிரவாக நடந்தன. எழுத்தறியாதவரும் கதையை வரிவரியாய் அறிந்திருந்தனர். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஒருவர் இதழை உரக்கப் படிக்கப் பத்துப்பேர் சூழ்ந்து கேட்டதும், கேட்டவர் அங்கேயே சொற்போர் நிகழ்த்தியதும், படிப்பகங்கள் ஊர்தோறும் முளைத்ததும் பெரியார், அண்ணா காலத்து வரலாறு. தமிழன் கண்ணாற் படிக்குமுன் செவியாற் படித்தவன். ஆகவே ஆலையூரில் நடக்கும் விழாவில் விற்பனை மேசை இரண்டாவதாக இருக்கட்டும். உரக்கப் படித்தல் முதலாவதாக இருக்கட்டும்.

யார் படிப்பது, யார் பேசுவது? இங்குத்தான் விழாக்கள் வழுக்கி விழுகின்றன. திரைப்படப் பாட்டெழுதுவோரையும், பட்டிமன்றத்தில் சிரிப்பு மூட்டுவோரையும், தொலைக்காட்சியில் முகங்காட்டுவோரையுமே ஊர்தோறும் சுழற்சியில் அழைக்கின்றனர். அரைமணி நேரம் பேச்சு. அதில் கால்மணி ஆங்கிலக் கலவை. எஞ்சிய கால்மணி தம் வெளிநாட்டுச் செலவு. எழுதிய நூலிலிருந்து ஒரு பக்கத்தைத் தானும் படித்துக் காட்டுவாரில்லை. கேட்போர் எழுந்து வினவ இடமுமில்லை. அதங்கோட்டாசான் இன்று வந்தால் பின்வரிசையில் அமர்த்தப்பட்டு, 'நேரமில்லை, ஐயா' என்ற விடையோடு திரும்பவேண்டியதுதான்!

அவ்வட்டத்திலேயே பேசத்தக்கார் பலர் உளர். நிலத்துக்காகப் போராடிய முதியவர் உள்ளனர். அவர்தம் வாய்மொழியை எழுதி நூலாக்குவார் இல்லாமையே குறை. கும்மிடிப்பூண்டியில் ஈழத்தமிழர் குடியிருப்பும் உளது. 'அகதி முகாம்' என்றழைக்கப்பட்டு, 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மட்டும் மாறியது. அங்குள்ளோர் கலித்தொகையை 1887-இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை பிறந்த நாட்டின் மக்கள். 1981-ஆம் ஆண்டு மே 31 இரவு சிங்கள வெறியர் யாழ்ப்பாண நூலகத்துக்குத் தீயிட, 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் உடன் வெந்தன. நூலை இழப்பதென்றால் என்னவென்று அவ்வினத்தாரைவிடத் தெளிவாய்ச் சொல்லவல்லார் யார்? அவர்களை மேடையேற்றிப் படிக்கச் சொல்லாமல், நூலின் பெருமையை நகரத்து நாவலரைக் கொண்டு பேசுவிப்பது நகைப்புக்குரியது.

பணத்துக்கு எங்கே போவது என்று அலுவலர் கையை விரிக்க வேண்டுவதில்லை. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலைக்குப்பின் இந்தியாவிலேயே முதலாவதாகப் பிறந்த நூலகச் சட்டம். அதன்படி வீட்டுவரி, சொத்துவரியோடு நூலக வரியும் தண்டப்படுகின்றது. இன்று அது உருவாவுக்குப் பத்துக் காசு. நூற்றுக்கணக்கான ஏக்கரில் எழும்பி நிற்கும் ஆலைக் கட்டடங்களின் வரியில் நூலகப் பங்கு எவ்வளவு, அது எவ்வூர் நூலகத்தில் எத்தனை நூலாய் மாறிற்று என்று மாவட்ட நூலக ஆணைக்குழு ஆண்டுதோறும் ஊராட்சி மன்றப் பலகையில் எழுதிப் போடட்டும். 2006 முதல் ஊராட்சிதோறும் கட்டப்பெற்ற நூலகக் கட்டடங்களுட் பல பூட்டிக் கிடந்ததை நாடே பார்த்தது. கட்டடம் எழுப்பியோர் திறவுகோலை யாரிடம் கொடுத்தனரோ!

மன்னார்குடியில் 1931 அக்டோபர் 21-இல் கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர், இரங்கநாதனார் ஊட்டிய நூலக ஊக்கத்தால், மாட்டுவண்டியில் நூல்களை அடுக்கி மேலவாசலிலிருந்து சிற்றூர்களுக்கு அனுப்பினார். சாலையும் விளக்கும் இல்லாத அக்காலத்தில் அது இயன்றது. இன்று தேர்வாய் கண்டிகைக்குச் சரக்குந்துகள் இரவும் பகலும் ஓடும் அகன்ற சாலை உள்ளது. அச்சாலையில் நூலேற்றிய உந்து ஒன்று மட்டும் செல்ல இயலாதா?

அடுத்த திருவிழாவைத் திட்டமிடும் கூட்டம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கூடுமுன் தமிழன்பர் மடல் அங்குச் சேரவேண்டும். பத்து நாளில் இரண்டு நாள் கும்மிடிப்பூண்டி வட்டத்துக்கென ஒதுக்கக் கேட்க. அவ்விரண்டில் ஒரு நாள் தேர்வாய் கண்டிகை ஏரிக்கரையில் நடக்கட்டும். ஆலையில் பகல்முறை முடிந்து உழைப்பாளர் இறங்கும் நேரத்திலும், இரவுமுறை முடிந்து அவர்கள் திரும்பும் காலைநேரத்திலும் அரங்கு திறந்திருக்கவேண்டும். பேசவருவோர் தம் நூலிலிருந்து கால்மணி படிக்கவும், அரைமணி கேள்விக்கு விடை கூறவும் முன்னரே ஒப்பவேண்டும். விலை ஐம்பது உருவாவுக்கு மேற்படாத சிறு நூல்கள், பெரிய எழுத்தில், நல்ல தமிழில் அச்சிட்டவையாய் முன்மேசையில் இருக்கவேண்டும். மடலைத் தமிழிலேயே எழுதுக. விடையையும் தமிழிலேயே கேட்டு வாங்குக.