இன்ஜினைப் பிரித்துப் பார்த்தீர்களா?



சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் கொடிக்காலில் கிள்ளிய இலை, வாடுவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டுமே? அதற்கு நம் ஊர்ப்பக்கம் பலரும் நம்புவது 'சின்ன யானை' என்கிற டாடா ஏஸ் வண்டியைத்தான். 2005-ல் அது வந்தபோது அதில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். அவ்வளவு சின்ன இன்ஜினை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

அது ஆயில் குடிக்க ஆரம்பித்தால் வீட்டில் தூக்கம் போய்விடும். இன்ஜின் வேலை பார்ப்பதா, வேறு இன்ஜின் போடுவதா, வண்டியைத் தள்ளிவிட்டுப் புதுசு எடுப்பதா? பேச்சு நகையை அடகு வைப்பதுவரை போகும்.

கொஞ்சம் பொறுங்கள். நீலப் புகை வந்தாலே இன்ஜின் போய்விட்டது என்று ஆகிவிடாது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் குப்பென்று புகைத்துவிட்டு நின்றால், வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். அது சின்ன வேலை. ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்ததும் புகை முட்டிக்கொண்டு வருகிறதா? அப்போது ரிங், பிஸ்டன் பக்கம் பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் செக் பண்ணச் சொல்லுங்கள். பிரித்த பிறகு லேத் பட்டறையில் போரையும் கிராங்கையும் அளக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பிளாக்கில் விரிசல் இல்லை, கிராங்க் அளவுக்குள் இருக்கிறது என்றால், என் ஓட்டு இன்ஜின் வேலைக்குத்தான். கடன் முடிந்த வண்டி, பாடியும் சேஸிஸும் திடமாக இருக்கிறது என்றால் இரண்டாவது யோசனையே வேண்டாம். முகூர்த்தம் இல்லாத ஆடியில் லோடு குறையும்; புது வண்டியின் தவணை குறையுமா?

சேஸிஸே துருப்பிடித்து இற்றுப்போயிருந்தால் கதை வேறு. அதில் போடும் காசு திரும்பி வராது.

பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டுவது விலை குறைவாகத் தெரியும். அது எந்த வண்டியில், எப்படி ஓடியது என்று யாருக்குத் தெரியும்? ஆர்.சி.யில் இருப்பது உங்கள் பழைய இன்ஜின் நம்பர். பில் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றிப் பதியாவிட்டால் எஃப்.சி.க்குப் போகும்போதும், இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் அலைய வேண்டியிருக்கும்.

எதைச் செய்தாலும், இன்ஜின் ஏன் தேய்ந்தது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ரேடியேட்டர் அடைப்பையும் கிழிந்த ஏர் ஃபில்டரையும் அப்படியே விட்டால் புது பிஸ்டனும் சீக்கிரமே தேயும். கழற்றிய பழைய பாகங்களை வாங்கிப் பாருங்கள். வேலை முடிந்த முதல் சில வாரங்கள் முழு லோடு ஏற்றாதீர்கள்; முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்