பின்னால் நடப்பவர்களுக்கு ஒரு பதிவேடு

தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகி மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று கண்ணீர் விடும்போது அவளுக்குப் பின்னால் மருந்துச் சீட்டோடு நடந்து போகிற முதியவரையும், கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் சம்பந்தியை அவமதிக்கும்போது நாற்காலிகளில் திகைத்து உட்கார்ந்திருக்கிற உறவினர்களையும், கடைத்தெருவில் பேரம் பேசுகிற பெண்களையும் நாம் தினந்தோறும் பார்க்கிறோம். ஆனால் அவர்களும் விடியற்காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, நாள் முழுவதும் உழைத்து, இரவில் கூலியோடோ கூலி பற்றிய வாக்குறுதியோடோ திரும்புகிற தொழிலாளிகள் என்ற பிரக்ஞை நமக்கு உண்டாவதில்லை.

ஒரு காலத்தில் இந்த ஜீவனத்தை நம்பியவர்கள் பெரும்பாலும் ஸ்டுடியோக்களை ஒட்டி, கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் குடியிருந்தார்கள். 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி சென்னைத் தூர்தர்ஷன் தொடங்கி, 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி வந்து, வாரத்துக்கொரு நாள் என்றிருந்த நாடகம் வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு நாள் என்று பெருகிய பிற்பாடு, பின்புலத்தில் நிற்க ஆள் வேண்டுவது அன்றாடத் தேவையாகிவிட்டது. இன்று ராயபுரத்திலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் இந்த வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விம்கோ நகர் வரையில் 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வந்ததிலிருந்து, சென்ட்ரலில் வண்டி மாறி வடபழனிக்குப் போய்ச் சேருவது முன்போல அத்தனை சிரமமில்லை. நள்ளிரவுக்கு மேல் படப்பிடிப்பு முடிந்தால் திரும்பி வரத்தான் வண்டி கிடையாது.

இந்தப் பகுதி மக்கள் இவ்வேலையை நாடுவதற்கான காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கானோருக்கு நிரந்தர உத்தியோகம் கொடுத்த பெரம்பூர் பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் நின்றது. இயங்குகிற தொழிற்சாலைகளிலும் ஒப்பந்தக் கூலிகளின் தொகை பெருகிக்கொண்டே போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் மீன் ஏலம் விடுகிறவர் முதல் கூடை தூக்குகிறவர் வரையில் எல்லோருக்கும் கை ஓய்ந்துவிடுகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, இறாலையும் நண்டையும் நம்பிய குடும்பங்களின் பிழைப்பைக் கெடுத்ததும் நம் கண்முன் நடந்ததே. இப்படிப்பட்ட நிலையில், ஒரு நாள் முழுவதும் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருந்தால் கூலியும் இரண்டு வேளைச் சாப்பாடும் உண்டு என்று ஒருவர் சொன்னால் யார்தான் போகமாட்டார்கள்?

உட்கார்ந்திருப்பதுதானே என்று எண்ணிவிடக் கூடாது. பின்னணியில் நடப்பது ஒரு கலை என்றே நான் கருதுகிறேன். காமிரா திரும்புகிற பக்கம் கண் போகக் கூடாது. எதிரில் இருப்பவரோடு உதடு அசையப் பேச வேண்டும், ஆனால் குரல் எழும்பக் கூடாது. பாசிங், அதாவது காட்சியின் குறுக்கே நடந்து போகச் சொன்னால், முக்கிய நடிகர் வசனத்தின் இந்தச் சொல்லுக்கு வரும்போது நாம் அந்தத் தூணைக் கடந்திருக்க வேண்டும் என்ற கணக்கு காலில் இருக்க வேண்டும். அதே ஷாட்டை ஐந்தாம் முறை எடுக்கும்போதும் முதல் முறை எந்தக் கையில் பையைப் பிடித்திருந்தோமோ அதே கையில் பிடித்திருக்க வேண்டும். செலவைச் சுருக்குகிற தொலைக்காட்சியிலோ இருபது பேரை வைத்தே இருநூறு பேர் கூடிய கல்யாணத்தைக் காட்டிவிட வேண்டியிருக்கிறது. ஆகையால் பந்தியில் உட்கார்ந்தவரே புடவையை மாற்றிக்கொண்டு வாசலில் வரவேற்கிறார், வரவேற்றவரே மேடைக்குப் பின்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். இத்தனைக்கும் அந்தப் புடவை பெரும்பாலும் அவருடைய சொந்தப் புடவை. அதைத் துவைத்துத் தேய்க்கும் செலவும் அவருடையதே.

உடையையும் நிறத்தையும் பார்த்து ஆளைப் பிரிக்கிற வழக்கம் என்னைக் கூசச் செய்கிறது. விருந்துக் காட்சிக்கு வெளுத்த முகங்களையும், குப்பத்துக் காட்சிக்கும் அடியாள் கூட்டத்துக்கும் கறுத்த முகங்களையும் தேர்ந்தெடுப்பது நெடுநாளைய பழக்கம். நாட்டின் முதல் ரயில் நிலையங்களில் ஒன்றை 1856-லேயே கண்ட ராயபுரத்தின் மக்களைப் பின்னணியில் அரிவாள் பிடிக்கிறவர்களாக மட்டுமே காட்டிக் காட்டி, அந்தச் சித்திரத்தையே அவர்கள் கையால் வரையச் செய்வது எவ்விதத்திலும் நியாயமாகாது. இது தனியாக விவாதிக்க வேண்டிய விஷயம். இங்கே கூலியைப் பற்றிப் பேசுவோம்.

முந்தின நாள் இரவு, ஆள் சேர்த்து அனுப்பும் ஏஜென்டிடமிருந்து கைப்பேசியில் செய்தி வருகிறது: எத்தனை மணிக்கு, எந்த இடத்துக்கு, எத்தனை மாற்று உடைகளோடு வர வேண்டுமென்று. தயாரிப்பு நிறுவனம் ஏஜென்டுக்குத் தொகை கொடுக்கிறது. ஏஜென்ட் தம்முடைய பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறார். தலைக்கு எவ்வளவு வாங்கினார், எவ்வளவு பிடித்தார் என்பது வேலை செய்தவருக்குத் தெரிய வழியில்லை. எல்லா ஏஜென்டுகளும் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவசரத்துக்குக் கடன் கொடுப்பவரும், ஆஸ்பத்திரிக்கு உடன் வருபவரும் சில சமயங்களில் அவரே. ஆயினும் ஒரு மனிதருடைய தயவைப் பொறுத்தே நாளைய அடுப்பு எரியும் என்ற ஏற்பாட்டில், அந்த மனிதர் எவ்வளவு நல்லவராயினும், பெண்களுக்கு உடை மாற்ற மறைவிடம் இல்லையென்றோ, கழிப்பறை இல்லையென்றோ, பேட்டா வரவில்லையென்றோ வாய் திறப்பவருக்கு மறுநாள் செய்தி வராமல் போகிற அபாயம் எப்போதும் இருக்கிறது.

இந்த ஏற்பாடு வடசென்னைக்குப் புதிதன்று. கப்பல் வந்த நாளில் வேலையும் வராத நாளில் பட்டினியுமாகத் துறைமுகக் கூலிகள் காலந்தள்ளிய நாட்கள் இருந்தன. வாயிலில் கூடுகிற கூட்டத்திலிருந்து மேஸ்திரி யாருக்குக் கை காட்டுகிறாரோ அவருக்கே அன்றைய வேலை. இந்தத் தினக்கூலி நிச்சயமின்மையை ஒழிக்க வேண்டுமென்று விட்லி தலைமையில் அமைந்த ராயல் தொழிலாளர் கமிஷன் 1931-இல் சிபாரிசு செய்தது. பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு, சுதந்திர இந்தியாவின் சர்க்கார் 1948-இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்கீழ் பம்பாயிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் அரசாங்கம், முதலாளிகள், தொழிலாளிகள் என்ற முத்தரப்பும் அமர்ந்த வாரியங்கள் ஏற்பட்டன. தொழிலாளியின் பெயர் மேஸ்திரியின் ஞாபகத்திலிருந்து வாரியத்தின் பதிவேட்டுக்கு மாறியது. வேலை முறை வைத்துச் சுழன்றது. வேலைக்கு ஆஜராகியும் வேலை கிடைக்காமல் திரும்பினால் வருகைப்படி உண்டு. மாதத்தில் குறைந்தபட்சம் இத்தனை நாட்களுக்குக் கூலி என்ற உத்தரவாதமும் உண்டு. இவற்றுக்கான செலவை முதலாளிகள் செலுத்திய தீர்வை ஈடுகட்டியது. துணை நடிகர்களின் நிலைமை இன்று எங்கே நிற்கிறது என்று என்னைக் கேட்டால், 1948-க்கு முந்தைய துறைமுக வாயிலில் நிற்கிறது என்பேன்.

அந்த வாரியம் பிற்காலத்தில் தேவைக்கு மேற்பட்ட ஆட்களைச் சுமந்தது என்றும், கன்டெய்னர் வந்தபின் பொருத்தமற்றுப் போயிற்று என்றும் குறை சொல்லப்பட்டு, 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத் துறைமுகத்தோடு அதை இணைக்க வழிசெய்யப்பட்டது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் கூலிக்காரர்களாக நுழைந்தவர்கள் ஓய்வூதியம் பெறுபவர்களாக வெளியே வந்ததும், அவர்களுடைய பிள்ளைகள் படித்ததும் அந்த வாரியத்தின் காலத்தில்தான். ஒரு ஸ்தாபனம் அரை நூற்றாண்டு கழித்துத் தளர்ந்தது என்பது, அது பிறந்திருக்கவே கூடாது என்பதற்கு ஆதாரமாகாது.

துறைமுக வாரியத்தைவிட மூத்த உதாரணமும் இங்கேயே இருக்கிறது. 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி, பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, திரு.வி.க. போன்றவர்களின் துணையோடு, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர் ஆலைத் தொழிலாளிகளுக்காகவே தோன்றியது. ஆலை மூடிய பின்னர் அதன் பாழடைந்த கட்டடங்களும் பரந்த வெளியும் தமிழ்த் திரையுலகத்தின் படப்பிடிப்புத் தளமாகப் பல ஆண்டுகள் பயன்பட்டன. சங்கம் கண்டவர்களின் பேரப்பிள்ளைகள் வசிக்கும் பேட்டையில், அதே மதில்களுக்குள், ஒரு துண்டுக் காகித ஒப்பந்தமும் இல்லாமல் துணை நடிகர்கள் கூட்டமாக நின்று கலைந்தார்கள் என்பதை நினைக்கும்போது என் மனம் மிகவும் வருந்துகிறது.

சட்டமே இல்லையா என்று கேட்கலாம். 1981-இல் திரைப்படத் தொழிலாளர்களுக்கென்று நாடாளுமன்றம் சட்டங்கள் இயற்றியது. எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டுமென்று அவற்றுள் ஒன்றில் விதித்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் பார்வை முழுநீளக் கதைப்படத்தோடு நின்றுவிட்டது. சேமநல நிதிக்கான தீர்வையும் கதைப்படங்களின் மீதே விதிக்கப்பட்டது. தணிக்கைக் குழுவின் வாசலையே மிதிக்காத தொலைக்காட்சித் தொடரிலிருந்து அந்த நிதிக்கு ஒரு காசும் வந்திருக்க முடியாது. 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்தக் குறையை நீக்கியிருக்கிறது: தொலைக்காட்சி, இணையத் தொடர், உரையாடல் நிகழ்ச்சி, ரியாலிட்டி ஷோ ஆகியவை பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டு, ஒப்பந்ததாரர் மூலம் அமர்த்தப்படுபவர் உட்பட ஒவ்வொருவருக்கும் எழுத்து மூலமான ஒப்பந்தம் அவசியமாக்கப்பட்டிருக்கிறது. நிகழ்ச்சி அரங்கில் வரிசையாக அமர்ந்து, கைதட்டச் சொன்னபோது கைதட்டிவிட்டுக் கூலி வாங்குகிறவர்களும் இதன் நிழலில் வர வேண்டுமென்பது என் அபிப்பிராயம். தொகுப்பின் பிற பகுதிகளைக் குறித்துத் தொழிற்சங்கங்களுக்கு உள்ள ஆட்சேபங்கள் கனமானவை. அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. கிடைத்த இந்த ஒரு நன்மையை நழுவவிடக் கூடாது என்கிறேன்.

காகிதத்தில் எழுதியது படப்பிடிப்புத் தளத்துக்கு எப்படி வந்து சேரும் என்பதே பிரச்னை. நமது மாநிலத்தில் 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் அதன்கீழ் நல வாரியங்களும் இருக்கின்றன. கல்வி உதவி, திருமண உதவி, மரண உதவி என்று அவை செய்வது மெச்சத்தக்கதே. ஆனால் வேலையையும் கூலியையும் ஒழுங்கு செய்கிற பொறுப்பை அவை கையில் எடுக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் சுமை தூக்குவோருக்காக 1969-இல் வந்த மாத்தாடி சட்டத்தின்கீழோ, கூலி வாரியத்தில் செலுத்தப்பட்டு வாரியத்தின் மூலமே தொழிலாளியை அடைகிறது. நமக்கு வேண்டியது அந்த ரகமான வாரியம். கூலியிலிருந்து தரகு பிடிக்கும் வழக்கத்தை ஒழிக்க ஹாலிவுட்டே ஒரு நூற்றாண்டுக்கு முன் வழி கண்டது. மேரி வான் க்ளீக் என்ற சமூக ஆய்வாளர் துணை நடிகர்களின் நிலையை ஆராய்ந்து சொன்ன யோசனைகளை ஒட்டி, 1925-இல் ஸ்டுடியோக்கள் தங்கள் செலவிலேயே சென்ட்ரல் காஸ்டிங் என்ற பொது அலுவலகத்தை நிறுவின. வேலை தேடி வந்தவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அதன் அடிப்படை.

பண முடையில் தவிக்கும் தொடர்த் தயாரிப்பாளர்கள் இந்தச் சுமையைத் தாங்குவார்களா என்பது நியாயமான கேள்விதான். கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற படப்பிடிப்பு மே இறுதியில் மீண்டும் தொடங்கியபோது, தளத்தில் மொத்தம் 60 பேருக்கு மேல் கூடாதென்று அரசு வரையறுத்தது. அப்படிப்பட்ட கணக்கு வரும்போது முதலில் குறைக்கப்படுகிறவர் பின்னால் நடப்பவரே. ஆனால் இப்போது ஏஜென்டின் பங்காகப் போகிற தொகை ஏற்கெனவே தயாரிப்பாளரின் பையிலிருந்துதான் போகிறது. அது வாரியத்தின் தீர்வையாக மாறினால் சுமை பெரிதாக ஏறப்போவதில்லை. 2020 பிப்ரவரி 19-ஆம் தேதி சென்னையை அடுத்த ஈவிபி தளத்தில் கிரேன் விழுந்து மூவர் மாண்டார்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் சண்டைக் காட்சியில் ஒரு சண்டைக் கலைஞர் மாண்டார். இரண்டும் சினிமாவில் நடந்தவை, மாண்டவர்கள் துணை நடிகர்களுமல்லர். ஆயினும் அதே தளங்களில், அதே விளக்குகளுக்கும் கம்பிகளுக்கும் நடுவில், காப்புறுதி இருக்கிறதா என்றுகூட அறியாதவர்கள் தினமும் நிற்கிறார்கள்.

காலமும் அதிகம் இல்லை. 2023-இல் அமெரிக்க நடிகர்கள் 118 நாட்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில், பின்னணி நடிகரின் உருவத்தைக் கணினியில் பதிந்து கொண்டு பிறகு அவரில்லாமலே அவரைப் பயன்படுத்துவது பெரிய சர்ச்சையாயிற்று. சம்மதமில்லாமல் அப்படிச் செய்யக் கூடாதென்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பின்பே அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். பதிவேட்டில் பெயர் உள்ளவர்களால்தான் இப்படி எழுதி வாங்க முடியும். எர்ணாவூரிலிருந்து போய் ஒரு நாள் காமிரா முன் நின்றுவிட்டு வந்த பெண்ணின் முகம் நாளை பத்துத் தொடர்களின் கூட்டத்தில் தோன்றினால், அவள் சார்பில் கேட்பதற்கு இன்று யாரிருக்கிறார்கள்?

ஆகவே தமிழக அரசின் தொழிலாளர் துறை, தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்கான மாநில விதிகளில் நான்கு விஷயங்களைச் சேர்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்: துணை நடிகர்களுக்கென்று கட்டணமில்லாத பதிவேடு, வாரியத்தின் வழியே நேராக வங்கிக் கணக்கில் சேரும் கூலி, அழைத்துவிட்டு வேலை கொடுக்காத நாளுக்கு வருகைப்படி, சம்மதமின்றி உருவத்தை மறுபடியும் பயன்படுத்தத் தடை. முதல் பதிவு முகாமை வடபழனியில் நடத்துகிற அன்றே திருவொற்றியூரிலும் ஒன்று நடத்துங்கள். ஒரு நாள் கூலியை இழந்துதான் பதிவு செய்ய வேண்டும் என்ற நிலையில் யாரையும் நிறுத்தாதீர்கள்.