இசைத்தொழிலின் வீழ்ச்சிக்குக் களவுப் பிரதி மட்டுமா காரணம்?

“எமது விற்பனை குறைந்துவிட்டது, அதற்குக் களவுப் பிரதியே காரணம்” என்று இசைத்தட்டுக் கம்பனிகள் நீண்டகாலமாகக் கூறிவந்துள்ளன. இக்கூற்றில் இரு செய்திகள் உள்ளன. விற்பனை குறைந்தது என்பது ஒன்று. குறைந்ததற்கான காரணம் மற்றொன்று. முதலாவது உண்மையாக இருப்பதால் மட்டும் இரண்டாவதும் உண்மையாகிவிடாது.

விற்பனை குறைந்ததில் ஐயமில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1999 இல் ஏறத்தாழ 14.6 பில்லியன் டொலராக இருந்த ஒலிப்பதிவு வருமானம் 2014 இல் 7 பில்லியனிலும் குறைந்தது. இணையத்தின் மூலம் பாடல்களை இலவசமாகப் பரிமாற வழிசெய்த நப்ஸ்டர் தொடங்கியதும் 1999 இலேயே. எனவே கம்பனிகள் அதன்மீது குற்றஞ்சுமத்தியது வியப்பன்று. ஒரு பாடலின் பின்னால் கவிஞர், இசையமைப்பாளர், பாடகர், ஒலிப்பதிவாளர் எனப் பலரது உழைப்பு இருக்கிறது. அதற்கு ஊதியம் கிடைக்க வேண்டும் என்பதையும் நாம் மறுக்கவில்லை.

ஆயினும் இலவசமாகப் பாடலைப் பெற்ற ஒவ்வொருவரும் அது கிடைக்காவிடின் பணங்கொடுத்து வாங்கியிருப்பார் எனக் கொள்ளலாமா? முடியாது. வேறு காரணங்களும் இருந்தன. 1980களிலும் 1990களிலும் மக்கள் தம்மிடமிருந்த பழைய இசைத்தட்டுகளுக்குப் பதிலாக இறுவட்டுகளை வாங்கினர். அந்த மாற்றம் முடிந்ததும் அவ்விற்பனையும் ஓய்ந்தது. டீவீடியும் கணினி விளையாட்டுகளும் இளைஞரின் பணத்திற்குப் போட்டியிட்டன. ஒரு பாடலை விரும்பியவர் முழு இறுவட்டையும் வாங்க வேண்டியிருந்தது. இறுவட்டின் விலையைக் குறையவிடாது தடுத்த விளம்பர நிபந்தனைகளைக் கைவிட ஐந்து பெரிய கம்பனிகள் 2000 இல் அமெரிக்க அரச ஆணைக்குழுவிடம் இணங்கின.

ஆய்வாளரிடையேயும் கருத்து வேற்றுமை உண்டு. ஓபர்ஹோல்சர்-ஜீ, ஸ்ட்ரம்ப் ஆகியோர் 2007 இல் வெளியிட்ட ஆய்வு, இணையப் பரிமாற்றம் விற்பனையைக் குறிப்பிடத்தக்களவு பாதிக்கவில்லை என்றது. பாதித்தது என்று காட்டும் ஆய்வுகளும் பல. ஆகவே “பாதிப்பே இல்லை” என்பதும் “எல்லாம் அதனாலேயே” என்பதும் மிகைக்கூற்றுகளே.

வரலாறும் எச்சரிக்கிறது. வீட்டில் ஒலிநாடாவிற் பதிவுசெய்வது இசையைக் கொல்கிறது என 1981 இல் பிரித்தானியக் கம்பனிகள் பிரசாரஞ் செய்தன. இசை மடியவில்லை, அடுத்த ஆண்டே இறுவட்டு சந்தைக்கு வந்து பெரும் இலாபத்தை ஈட்டித்தந்தது.

காரணத்தைத் தவறாகக் கணித்தால் பரிகாரமும் தவறும். 2001 இல் நீதிமன்ற ஆணையால் நப்ஸ்டர் ஓய்ந்தது; பரிமாற்றம் ஓயவில்லை. 2003 செப்டெம்பரில் அமெரிக்கக் கம்பனிகள் தனியாட்கள் மீது வழக்குத் தொடுக்கத் தொடங்கின. அவர்களுள் நியூயோர்க் நகரின் 12 வயதுச் சிறுமியும் ஒருத்தி. 2,000 டொலர் செலுத்தியே அவ்வழக்குத் தீர்க்கப்பட்டது. மாணவர்களே, அவள் உங்களிலும் இளையவள் என்பதை எண்ணிப் பாருங்கள். 2008 இல் இவ்வழக்கு முறையைக் கம்பனிகளே கைவிட்டன. மாறாக, 2003 ஏப்ரலில் அப்பிள் நிறுவனம் ஒரு பாடலை 99 சதத்திற்கு விற்கத் தொடங்கியபோது முதல் வாரத்திலேயே பத்து இலட்சம் பாடல்கள் விற்பனையாகின. பின்னர் ஸ்பொட்டிபை போன்ற சேவைகள் பரவ, 2015 முதல் உலக இசை வருமானம் மீண்டும் உயர்ந்தது. வசதியான, நியாயவிலையுள்ள வழி கிடைத்தபோது மக்கள் பணஞ்செலுத்த முன்வந்தனர் என்பதே இதன் பொருள்.

ஆகவே, கலைஞரின் உரிமையை மதிப்போம். எமது நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அவ்வுரிமையைப் பாதுகாக்கிறது. அதேவேளை, நட்டம் எனக் காட்டப்படும் எண்ணை யார் கணித்தார், எவ்வாறு கணித்தார் என்றும் கேட்போம். கலைஞரை மதிப்பதும் கம்பனியின் கணக்கை ஆராய்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.