பாட்டுக்காரனுக்கு ஒரு நாற்காலி

இலக்கிய விழாவில் பாட்டுக் கச்சேரி எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு கட்சி. கச்சேரி இல்லாவிட்டால் கூட்டம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் இன்னொரு கட்சி. வருஷம் தவறாமல் இவர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் இரு தரப்பாருக்கும் பரம ஒற்றுமை. பாட்டு வேறு, இலக்கியம் வேறு என்பதில் இருவருக்கும் சந்தேகமே கிடையாது. ஒருவர் பாட்டைத் தீட்டு என்கிறார்; மற்றவர் ஆள் சேர்க்கும் தந்திரம் என்கிறார். என் வழக்கு இருவர் மீதும்தான்.

ஜெய்ப்பூர் இலக்கிய விழாவையே எடுத்துக்கொள்வோம். 2006-இல் சிறிய அளவில் தொடங்கி, டிக்கி அரண்மனையில் பல ஆண்டுகள் நடந்து, 2022-இல் ஒரு பெரிய ஹோட்டல் வளாகத்துக்கு இடம் மாறிய விழா அது. உலகத்து எழுத்தாளர்களெல்லாம் வந்துபோகும் இடம். அங்கே காலைப் பொழுது சங்கீதத்தோடு விடிகிறது. இருட்டியபின் தனியாக ஒரு சங்கீத மேடை களை கட்டுகிறது. இடைப்பட்ட பகல் முழுவதும் புத்தகக்காரர்களுக்கு. கலியாண வீட்டு முறைதான்: வாசலில் நாதஸ்வரம், சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை பாக்கு. இலை போட்டுப் பரிமாறுவது மட்டும் அச்சில் ஏறியவர்களுக்கு.

இந்த ஏற்பாடு வேறு எந்த ஊரில் நடந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். ராஜஸ்தானத்தில் நடப்பதுதான் வேடிக்கை. அந்தப் பாலைவனத்தில் ஜைசல்மேர், பார்மேர் பக்கங்களில் மாங்கணியார் என்று ஒரு பாடகர் குலம் உண்டு. முஸ்லிம்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் ஹிந்துக் குடும்பங்களின் ஆதரவில் பாடி வருகிறவர்கள். பிள்ளை பிறந்தால் பாட்டு, கலியாணமென்றால் பாட்டு. ஆதரிக்கும் குடும்பத்தின் வம்சாவளி முழுவதும் அவர்கள் நாவில் இருக்கும். பாணனையும் பொருநனையும் பற்றித் தனித்தனி ஆற்றுப்படை பாடி வைத்த மொழிக்காரர்களாகிய நமக்கு இந்த உறவை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் பாடும் மூமலின் கதையைக் கேளுங்கள். லோத்ருவாவில் மூமல். உமர்கோட்டில் மகேந்திரன். இரவுதோறும் ஒட்டகமேறிப் பாலைவனம் கடந்து அவளைக் காண வருகிறான். ஒரு நாள் வரத் தாமதமாகிறது. வந்து பார்த்தால் அவள் பக்கத்தில் ஓர் ஆண் படுத்திருக்கிறான். உண்மையில் அது ஆண் வேஷம் போட்டுக்கொண்ட அவள் சகோதரி சூமல். மகேந்திரன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, திரும்பிவிடுகிறான். நானும் எத்தனையோ கதைகள் எழுதியாயிற்று. கேட்கப்படாத அந்த ஒரு வார்த்தைக்கு ஈடான கட்டம் ஒன்று அமைந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடலாம். இரவு மேடையில் இந்தக் கதையின் பாட்டு எழும்போது ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? தாளத்துக்குக் கை தட்டுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. மொழி தெரியாது, கதையை எடுத்துச் சொல்ல யாரும் இல்லை.

இனி, அதே மண்ணில் இன்னொரு காட்சி. விஜய்தான் தேத்தா என்ற எழுத்தாளர் தம் போருந்தா கிராமத்தில் இருந்துகொண்டே ஊரார் வாய்க் கதைகளைக் கேட்டு ராஜஸ்தானியில் எழுதினார். 1960-இல் அவரும் கோமல் கோத்தாரியும் சேர்ந்து நாட்டுக் கலைகளுக்காக அங்கே ரூபாயன் சன்ஸ்தானை ஏற்படுத்தினார்கள். தேத்தாவுக்கு 1974-இல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. நாட்டுக் கதையிலிருந்து அவர் எழுதிய ‘துவிதா’ 1973-லும், ‘பஹேலி’ என்ற பெயரில் 2005-லும் திரைப்படமாயிற்று. பரிசு தகுந்தவருக்குத்தான் போயிற்று. என் கேள்வி வேறு. அட்டை போட்டு வந்தால் பகல் மேடை, வாயால் வந்தால் இரவு மேடை என்று சட்டம் செய்தவர் யார்?

விழாக்காரர்களுக்கு இது தெரியாததல்ல. அதை நடத்துகிறவர்களில் ஒருவரான வில்லியம் டால்ரிம்பிள், பாபுஜி காவியத்தைப் பாடும் போபா ஒருவரைப் பற்றி 2009-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். பகலில் நாட்டுப் பாடல்களைப் பற்றிய அமர்வுகள் நடந்ததும் உண்டு. நான் பேசுவது பொது விதியைப் பற்றி. விதிவிலக்கைக் காட்டி யாரும் தப்பித்துக்கொள்ள வேண்டாம்.

2016-இல் பாப் டிலனுக்கு இலக்கிய நோபல் பரிசு கொடுத்தபோது, பாட்டுக்காரனுக்கா இது என்று எழுத்தாளர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஸ்டாக்ஹோம் விழாவுக்கு டிலன் வரவில்லை. அவர் பாட்டைப் பாடகி பேட்டி ஸ்மித் பாடினார். நடுவில் வரி மறந்துபோயிற்று. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி பாடினார். சொல்லுக்கு மதிப்புள்ள சபையில்தான் மன்னிப்புக் கேட்கத் தோன்றும். நம் இரவு மேடைகளில் பாடகர் பத்து வரியை விழுங்கிவிட்டாலும் கண்டுபிடிக்க ஆள் உண்டா?

விளக்கம் சொன்னால் ரசனை கெட்டுவிடும் என்று ஒரு ரசிகர் கூட்டம் சொல்லும். அர்த்தம் தெரிந்ததால் கெட்டுப்போன பாட்டு ஒன்றை இதுவரை நான் கேட்டதில்லை. இதில் ரசனையைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. கேட்பவன் எதை விரும்புகிறானோ அதைத்தான் பாடுகிறவன் தன் பிள்ளைக்குச் சொல்லிவைப்பான். துள்ளலான நாலு பாட்டுக்கு மட்டும் கை தட்டினால் நாலு பாட்டுத்தான் மிஞ்சும். நீண்ட கதைப் பாட்டுகள் கிழவர்களோடு போய்ச் சேரும். அவற்றுக்கு மறுபதிப்புக் கிடையாது.

ஆகவே விழா நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பாட்டின் சொற்களை மொழிபெயர்ப்போடு நிகழ்ச்சி நிரலில் அச்சிடுங்கள். கவியின் பெயர் தெரிந்தால் பெயரை, தெரியாவிட்டால் எந்தக் குலத்தார் காத்துவரும் பாட்டு என்பதைச் சொல்லுங்கள். இரவில் பாடப்போகிறவரைப் பகலிலே ஒரு மணி நேரம், மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு, எங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். நாவலாசிரியனிடம் கேட்கிற கேள்விகளை அவரிடமும் ஜனங்கள் கேட்கட்டும்: இந்தக் கதையை எங்கே கற்றீர்கள், எதை மாற்றினீர்கள், மகேந்திரன் ஏன் கேட்கவில்லை என்று. செலவு ஒரு நாற்காலி. அதற்கு இடம் போதாதென்றால், எங்களில் ஒருவர் எழுந்து நிற்கிறோம்.